பைஸ்பெடாஸ்: நாலு விண்கலத் தரவை வைத்து மின்னோட்டம் கணக்கிடும் இலவச மென்பொருள் – காரைக்குடியிலிருந்து ஒரு மதிப்பீடு

மென்பொருளுக்கு ஐந்துக்கு ஐந்து. அது செய்கிற முறைக்கு ஐந்துக்கு நாலு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மதிப்பீடு படிக்க வருகிறவர்களில் பாதிப் பேர் நட்சத்திரத்தை எண்ணிவிட்டுப் போய்விடுவார்கள். மீதிப் பேருக்கு, அந்த ஒரு நட்சத்திரத்தை நான் ஏன் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் இயற்பியல் எடுக்கிறேன். சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) பக்கத்திலேயே இருப்பதால் எங்கள் ஊரில் எம்.எஸ்சி புராஜெக்ட் என்றாலே பேட்டரி, துரு, மெல்லிய படலம் இவைதான். தப்பில்லை. ஆனால் உலை வேண்டும், வேதிப்பொருள் வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வரிசையில் நிற்க வேண்டும். தேவகோட்டையிலிருந்தும் புதுவயலிலிருந்தும் பஸ் பிடித்து வருகிற பிள்ளைகளிடம் ஒரு லேப்டாப்பும் நெட்டும் மட்டும்தான் இருக்கிறது என்றால், என்ன செய்யச் சொல்வது? விண்வெளிப் பிளாஸ்மாவை, அதாவது அங்கே பரவிக் கிடக்கும் மின்னேற்றத் துகள் வாயுவைப் பற்றி, செய்யச் சொல்லலாம். கோடிக்கணக்கான டாலர் போட்டு அனுப்பிய கலங்களின் அளவீடுகள் எல்லாம் சும்மா கிடக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எடுத்து என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதில்தான் பைஸ்பெடாஸ். பைத்தானில் ஓடுகிறது. இதற்கு முன்னால் இருந்த ஸ்பெடாஸ் ஐடிஎல் மொழியில் எழுதப்பட்டது, அந்த மொழிக்கு உரிமம் வாங்கவே எங்கள் துறையின் ஆண்டுச் செலவு போய்விடும். இது முழுக்க இலவசம், மூல நிரலும் திறந்தே இருக்கிறது.

நிறைய வேலை செய்யும் மென்பொருள்தான். நான் பேசப்போவது அதில் ஒன்றைப் பற்றி மட்டும்: நாலு கலங்கள் நாலு இடத்தில் அளந்த காந்தப் புலத்திலிருந்து, அந்தப் புலம் இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது, அதாவது அதன் கிரேடியன்ட் என்ன, என்று மதிப்பிடுவது. அது தெரிந்தால் கர்ல், அதாவது புலம் எவ்வளவு சுழல்கிறது என்ற அளவு, தெரியும். கர்லை மியூ நாட் என்ற காந்த மாறிலியால் வகுத்தால் அங்கே ஓடும் மின்னோட்ட அடர்த்தி கிடைத்துவிடும். ஆம்பியர் விதி, பிளஸ் டூவிலேயே படித்தது. துறையில் இதற்குக் கர்லோமீட்டர் என்று பெயர். அப்படி ஒரு கருவி கலத்தில் கிடையாது, கணக்குதான் கருவி.

ஏன் நாலு? ஒற்றைக் கலம் போய்க்கொண்டிருக்கிறது, புலம் 20 நானோ டெஸ்லாவிலிருந்து 40 ஆகிறது. கலம் வேறு இடத்துக்குப் போனதால் மாறியதா, அதே இடத்தில் நேரம் ஆக ஆக மாறியதா? ஒரு கலத்தால் சொல்லவே முடியாது.

பிள்ளைகளுக்கு இதை விளங்கவைக்க, கானாடுகாத்தானில் எனக்குத் தெரிந்த ஓர் ஆச்சி வீட்டைக் கேட்டு வாங்கினேன். மே மாத மதியம். வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் மூன்று தெர்மாமீட்டரை மூன்று மூலையில் வைத்தோம், நாலாவதை மாடிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டோம். நாலையும் ஒரே நேரத்தில் படித்தால், முற்றத்தை நோக்கிச் சூடு எவ்வளவு ஏறுகிறது, மேலே போகப் போக எவ்வளவு ஏறுகிறது என்று மூன்று திசைக்கும் கணக்குப் போட்டுவிடலாம். அப்புறம் மாடியில் இருந்ததையும் கீழே இறக்கித் தரையில் வைக்கச் சொன்னேன். இப்போது தெர்மாமீட்டர் நாலுதான், ஆனால் மேல்நோக்கிய சரிவைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாலும் ஒரே தளத்தில் கிடக்கின்றன. கொஞ்ச நேரத்தில் முற்றத்து வெயில் நகர்ந்து ஒரு தெர்மாமீட்டர் மேல் மட்டும் விழுந்தது. அதை வைத்துக் கணக்குப் போட்டால் வீடே ஒரு பக்கம் பற்றி எரிகிற மாதிரி விடை வரும். நாலு புள்ளிக்கும் நடுவில் அளவு நேர்கோட்டில்தான் மாறுகிறது என்று முறை எடுத்துக்கொள்கிறது, வெயில் அதைக் கேட்டுக்கொண்டு விழுவதில்லை.

எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, "ஏம்மா, அங்கன மேல ஓடுற கரண்டுக்கு யாரு பில்லு கட்டுறது?" என்று கேட்டார். பில் பெரிதாக வராது ஆச்சி என்றேன். மேக்னெட்டோபாஸில், அதாவது சூரியக் காற்றும் பூமியின் காந்தப் புலமும் முட்டிக்கொள்ளும் எல்லையில், அடர்த்தி ஒரு சதுர மீட்டருக்கு 100 நானோ ஆம்பியர் என்றால், ஒரு சதுர கிலோமீட்டர் முழுக்கச் சேர்த்தாலும் 0.1 ஆம்பியர்தான். பரப்பு பிரம்மாண்டம் என்பதால் மொத்தம் லட்சக்கணக்கான ஆம்பியராகிறது. இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஆச்சி காப்பி போட உள்ளே போய்விட்டார்.

சரி, சரக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் கிளஸ்டர்தான் இந்த வேலைக்கென்றே நாலு கலங்களாகச் செய்யப்பட்ட முதல் திட்டம். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே, கிளம்பி 40 நொடி ஆவதற்குள் சிதறியது. அதோடு நாலு கலமும் போயின. விடவில்லை, மறுபடி கட்டினார்கள். 2000 ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டிரண்டாக பைக்கனூரிலிருந்து சோயுஸ் ராக்கெட்டில் போயின. ரும்பா, சல்சா, சம்பா, டாங்கோ என்று நடனப் பெயர்கள். 2024 செப்டம்பர் 8 அன்று சல்சா தென் பசிபிக்கின் மேல் வளிமண்டலத்துக்குள் இறங்கி எரிந்தது. 24 வருடத் தரவு அப்படியே காப்பகத்தில் இருக்கிறது. அடுத்தது நாசாவின் எம்எம்எஸ், 2015 மார்ச்சில் ஏவியது. கிளஸ்டரின் இடைவெளி நூறு கிலோமீட்டரிலிருந்து பத்தாயிரம் வரை மாறியது. எம்எம்எஸ் கலங்கள் நெருங்கி ஏழு கிலோமீட்டர் வரைக்கும் வந்திருக்கின்றன. எங்கள் ஊர்ப் பக்கத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிற மாதிரியான நான்முகி (நாலு மூலையும் நாலு முக்கோண முகமும் உள்ள உருவம்), பூமியிலிருந்து பல்லாயிரம் கிலோமீட்டர் தள்ளி.

நிறுவுவது சுலபம். பைத்தான் ஏற்கெனவே இருந்தால் பிப் மூலம் ஒரே வரி. எந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, எந்தக் கலம், எந்த வேகத் தரவு என்று சொன்னால், கோப்பை அதுவே கொலராடோவில் இருக்கும் தரவு மையத்திலிருந்து இறக்கிக்கொள்கிறது. கணக்கு தொடங்க வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். ஒருமுறை இறக்கியதை வட்டில் வைத்துக்கொள்வதால் அடுத்த முறை மறுபடி இறக்குவதில்லை. எங்கள் தெருவில் மழை தூறினாலே நெட் போய்விடும், கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டால் "லைன்ல வேலை நடக்குது" என்ற பாட்டு. அப்படிப்பட்ட ஊரில் இந்த ஒரு வசதிக்கே ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

இன்னொன்று, வெளியே தெரியாத நல்ல விஷயம். எம்எம்எஸ் காந்தமானிக் கோப்பிலேயே கலம் இருக்கும் இடமும் சேர்ந்து வருகிறது. கிரேடியன்ட் கணக்குக்கு புலம் எவ்வளவு முக்கியமோ இடமும் அவ்வளவு முக்கியம். இரண்டும் ஒரே கோப்பில் வருவதால், இடத்துக்கு வேறு கோப்பு தேடி அலைய வேண்டியதில்லை.

தரவில் இரண்டு வகை உண்டு. 'சர்வே' என்பது காந்தப் புலத்தை நொடிக்கு 8 அல்லது 16 முறை. 'பர்ஸ்ட்' என்பது நொடிக்கு 128 முறை, ஆனால் சுவையான சில நிமிடங்களுக்கு மட்டும். மேக்னெட்டோபாஸ் சும்மா நிற்பதில்லை, நொடிக்கு 50, 100 கிலோமீட்டர் என்று முன்னும் பின்னும் ஆடும். கலங்களுக்கு நடுவே 10 கிலோமீட்டர் என்றால், எல்லை ஒரு கலத்திலிருந்து அடுத்ததற்குப் போக 0.1 நொடியோ 0.2 நொடியோதான். சர்வேயில் அதற்குள் ஒன்றோ மூன்றோ புள்ளி விழும். பர்ஸ்டில் பத்துக்கு மேல் விழும். இந்தக் கணக்குக்கு பர்ஸ்ட் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

முதலில் ஓட்டிப் பார்க்க 2015 அக்டோபர் 16, உலக நேரம் 13:07-ஐ எடுங்கள். துறையில் எல்லோருக்கும் தெரிந்த நேரம் அது. காந்தக் கோடுகள் அறுந்து வேறு விதமாகச் சேரும் காந்த மறுஇணைப்பு நடக்கும் எலக்ட்ரான் மண்டலத்துக்குள்ளேயே கலங்கள் நுழைந்து போயின. கலங்களுக்கு நடுவே சுமார் 10 கிலோமீட்டர். கர்ல் கட்டளையில் நாலு புலத்தின் பெயரையும் நாலு இடத்தின் பெயரையும் கொடுத்தால் போதும். நாலு கலமும் ஒரே கணத்தில் அளப்பதில்லை என்பதால், முதல் கலத்தின் நேரத்துக்கு மற்ற மூன்றையும் இடைமதிப்பிட்டு ஒத்துவைக்கிற வேலையையும் அதுவே பார்த்துக்கொள்கிறது. திரையில் மின்னோட்டம், புலத்துக்கு இணையான பங்கு, செங்குத்தான பங்கு, டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் எவ்வளவு விரிந்து வெளியேறுகிறது என்ற அளவு) எல்லாம் வரிசையாக வரும். மின்னோட்டம் ஆம்பியரில் வருவதால் படம் முழுக்க பத்தின் மைனஸ் அடுக்காக இருக்கும். நூறு கோடியால் பெருக்கி நானோவுக்கு மாற்றிக்கொண்டால் கண்ணுக்கு நல்லது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை ஒரு தடவையாவது கையால் போட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு அம்பு வரையுங்கள். மற்ற மூன்று கலமும் சேர்ந்து ஒரு முக்கோண முகம், அந்த முகத்துக்குச் செங்குத்தாக, நம் கலத்தைப் பார்த்து அம்பு போகும். அதன் நீளம், முகத்திலிருந்து கலம் நிற்கும் உயரத்தின் தலைகீழ். ஒவ்வொரு கலத்தின் அளவையும் அதன் அம்போடு பெருக்கி நாலையும் கூட்டினால் சரிவு வந்துவிட்டது. அவ்வளவுதான் முழுக் கணக்கும். நாலு அம்பையும் கூட்டினால் சைபர் வரும், அதனால் நாலு காந்தமானியிலும் ஒரே அளவு பிழை இருந்தால் அது தானாக அடிபட்டுப் போகும். ஒன்றுக்கொன்று உள்ள பிழைதான் உதைக்கும்.

எவ்வளவு உதைக்கும்? ஒரு கலம் மட்டும் 0.1 நானோ டெஸ்லா தவறாகச் சொல்கிறது, இடைவெளி 10 கிலோமீட்டர் என்று வையுங்கள். மின்னோட்டத்தில் சதுர மீட்டருக்கு சுமார் 8 நானோ ஆம்பியர் பிழை. மேக்னெட்டோபாஸில் நூற்றுக்கணக்கில் ஓடும்போது 8 ஒன்றுமே இல்லை. அமைதியான இடத்தில் 5 நானோ ஆம்பியரைத் தேடிக்கொண்டிருந்தால் 8 என்பது எல்லாமே. இப்போது நான்முகி தட்டையாகிறது என்று வையுங்கள். பத்து கிலோமீட்டர் பக்கமுள்ள ஒழுங்கான நான்முகியில் உயரம் சுமார் 8 கிலோமீட்டர். அது ஒன்றாகச் சுருங்கினால் அம்பு எட்டு மடங்கு நீளும், அந்தத் திசைப் பிழையும் எட்டு மடங்கு. கலங்கள் நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன, நான்முகி எப்போதும் ஒழுங்காக இருக்காது. சில இடத்தில் சுருட்டு மாதிரி நீளும், சில இடத்தில் அப்பளம் மாதிரி படுத்துவிடும். எலாங்கேஷன், பிளானாரிட்டி என்று இதற்கு இரண்டு எண்கள் உண்டு, சைபரிலிருந்து ஒன்று வரை. இரண்டும் சைபருக்குப் பக்கத்தில் இருந்தால் சந்தோஷம். இடத் தரவிலிருந்து மூன்றுக்கு மூன்று அணி ஒன்றை எழுதி அதன் ஐகன் மதிப்புகளை எடுத்தால் இந்த எண்கள் வந்துவிடும், நாலு வரி நிரல். எங்கள் பிள்ளைகளிடம் நான் வாங்குகிற முதல் படம் இதுதான். மின்னோட்டப் படம் அப்புறம்.

இனி, பிடித்துக்கொண்ட நட்சத்திரத்துக்கு வருகிறேன்.

காந்தப் புலத்துக்கு டைவர்ஜென்ஸ் இயற்கையில் எப்போதும் சைபர். ஆகவே நாலு கலத்தை வைத்து நாம் போட்ட கணக்கில் டைவர்ஜென்ஸ் சைபராக இல்லாமல் ஏதாவது வந்தால், அது நம் கணக்கின் பிழை. அதை கர்லால் வகுத்து ஒரு விகிதமாக்கி, சின்னதாக இருந்தால் நம்பலாம், பெரிதாக இருந்தால் தள்ளு என்பது துறையின் வழக்கம். நல்ல வழக்கம்தான். பாதிப் பேர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குப் பிரச்சினை.

விடை தெரிந்த ஒரு புலத்தை நாமே எழுதி மென்பொருளுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். ஹாரிஸ் தாள் என்று ஒரு பாடப்புத்தக மின்னோட்டத் தாள். புலம் எக்ஸ் திசையில் மட்டும், உயரத்தோடு டேன்ஹெச் வடிவில் (நடுவில் வேகமாக மாறி, இரண்டு பக்கமும் போகப் போக நிலையாகிவிடும் வளைவு) மாறுகிறது, நடுவில் மின்னோட்டம் உச்சம். நாலு கலத்தை இப்படி வைத்தோம்: இரண்டு தாளுக்கு மேலே ஒரே உயரத்தில், இரண்டு தாளுக்குக் கீழே அதே ஆழத்தில், மேல் சோடி எக்ஸ் திசையில், கீழ் சோடி ஒய் திசையில். ஒழுங்கான நான்முகிதான், எலாங்கேஷன் சைபர், பிளானாரிட்டி சைபர். ஓட்டினோம். புதுவயல் பையன் திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், டைவர்ஜென்ஸ் சுத்தமா சைபர். அப்ப விடை கரெக்ட்டுதானே?" என்றான்.

உண்மையான மின்னோட்டத்தோடு வைத்துப் பார் என்றேன். மேல் சோடிக்கும் கீழ் சோடிக்கும் உள்ள தூரம் தாளின் அரைத் தடிமன் அளவே இருந்தால், உச்சத்தில் 100 ஓடும் இடத்தில் மென்பொருள் 92 சொல்கிறது. பரவாயில்லை. தூரம் அரைத் தடிமனின் இரண்டு மடங்கானால் 76. நாலு மடங்கானால் 48. பாதிக்கும் கீழே! அத்தனையிலும் டைவர்ஜென்ஸ் அதே சைபர், அசையவே இல்லை. காரணம் சமச்சீர்: மேல் இரண்டும் ஒரே அளவைச் சொல்கின்றன, கீழ் இரண்டும் ஒரே அளவைச் சொல்கின்றன, ஆக எக்ஸ் திசைச் சரிவு சைபர் என்றுதான் வரும். தாள் ஒல்லியாக இருப்பதும், கலங்கள் அதைத் தாண்டி இரண்டு பக்கமும் நிற்பதும் அந்த விகிதத்துக்குத் தெரியவே தெரியாது.

இது பைஸ்பெடாஸின் குறை இல்லை. எந்த மென்பொருளில் போட்டாலும் இதே 48தான் வரும். டைவர்ஜென்ஸ் பெரிதாக வந்தால் விடையைச் சந்தேகப்படலாம், சின்னதாக வந்தது என்பதற்காக நம்பிவிட முடியாது. இது தெரியாமல் விகிதத்தை மட்டும் படமாக ஒட்டிவிட்டு "தரம் சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி வருகிற அறிக்கைகளை நான் திருப்பித்தான் அனுப்புகிறேன்.

அப்படியானால் எதை வைத்து நம்புவது? எம்எம்எஸ்ஸில் அதற்கும் வழி இருக்கிறது, எனக்கு இந்தத் தொகுப்பில் ரொம்பப் பிடித்ததும் அதுதான். கலங்கள் துகள்களையும் அளக்கின்றன. எலக்ட்ரான்களை 30 மில்லி நொடிக்கு ஒருமுறை, அயனிகளை 150 மில்லி நொடிக்கு ஒருமுறை. அயனி வேகத்திலிருந்து எலக்ட்ரான் வேகத்தைக் கழித்து, அடர்த்தியாலும் மின்னூட்டத்தாலும் பெருக்கினால் மின்னோட்டம் வந்துவிடும். கன செண்டிமீட்டருக்கு 10 எலக்ட்ரான், வேக வித்தியாசம் நொடிக்கு 100 கிலோமீட்டர் என்றால் 160 நானோ ஆம்பியர். இதில் கிரேடியன்ட் இல்லை, நான்முகி இல்லை, நேர்கோட்டு அனுமானமும் இல்லை. ஒரே கலத்தின் அளவீடு. இதை நாலு கலத்துக்கும் போட்டுச் சராசரி எடுத்து, கர்ல் சொல்கிற மின்னோட்டத்தின் மேல் ஒரே படத்தில் வரையுங்கள். இரண்டு கோடும் ஒட்டிப் போகிற இடத்தில் நான்முகியைவிட தாள் தடிமன். கர்ல் கோடு மொட்டையாகவும் துகள் கோடு கூர்மையாகவும் நிற்கிற இடத்தில், தாள் நான்முகியைவிட ஒல்லியாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்கள் பிள்ளைகள் இந்தப் படத்தை வரைந்த பிறகுதான் கேள்வி கேட்கவே ஆரம்பித்தார்கள்.

இறக்கும்போது ஒன்று கவனியுங்கள். துகள் கோப்பில் முழுப் பரவல் வேண்டாம், அது யானை சைஸ். அடர்த்தி, வேகம், வெப்பநிலை கணக்கிட்டு வைத்த 'மொமென்ட்ஸ்' கோப்பு போதும். லேப்டாப்பில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் சில நிமிடப் பர்ஸ்டுக்குத் திணறாது.

உதவிக் குறிப்புகள் ஆங்கிலத்தில் மட்டும்தான். ஆனால் ஓட்டிக் காட்டுவதற்கான மாதிரி நோட்புக்குகள் (நிரலும் விளக்கமும் சேர்ந்த கோப்புகள்) நிறைய இருக்கின்றன. அவற்றில் தேதியை மட்டும் மாற்றி ஆரம்பித்தால், தமிழ் வழியில் படித்து வந்த பிள்ளைகூடச் சீக்கிரமே தானாக ஓட்டத் தொடங்கிவிடும். கிளஸ்டர் தரவையும் இதே மென்பொருளில் எடுக்கலாம். இடைவெளி பெரிது என்பதால் அங்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு நானோ டெஸ்லா மாறினால் 0.8 நானோ ஆம்பியர் என்கிற கணக்கில் ஓடும். மெல்லிய தாளைப் பிடிக்க ஆகாது, பெரிய அமைப்புக்கு நல்லது. நாசா திட்டமிட்டிருக்கும் ஹீலியோஸ்வார்மில் ஒன்பது கலங்கள். ஒன்பதில் நாலு நாலாக எடுத்தால் 126 நான்முகிகள், சின்னது பெரியது என்று எல்லா அளவிலும் ஒரே நேரத்தில். 48 பிரச்சினைக்கு அதுதான் சரியான மருந்து.

ஒவ்வொரு வருடமும் வகுப்பில் ஒருவர் கட்டாயம் கேட்பார்: "நம்ம ஆதித்யா தரவை இதுல போட முடியாதா மேடம்?" இஸ்ரோ சூரியனைப் பார்க்க அனுப்பிய ஆதித்யா எல்1 ஒற்றைக் கலம். அதன் காந்தமானி நல்ல காந்தமானிதான். அதே எல்1 புள்ளியின் (பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே கலத்தை நிறுத்திவைக்க ஏற்ற இடம்) பக்கத்தில் ஏஸ், விண்ட் என்று வேறு கலங்களும் சுற்றுகின்றன. ஆனால் அவற்றுக்கு நடுவே இருக்கும் தூரம் லட்சம் கிலோமீட்டர் கணக்கில். சூரியக் காற்றில் வருகிற ஓர் அலை எதை முதலில் தொட்டது, எதை அப்புறம் தொட்டது என்று நேரம் பார்க்கலாம். அந்த இடைவெளிக்குள் புலம் நேர்கோட்டில் மாறுகிறது என்று எடுத்துக்கொண்டு கர்ல் கட்டளையைத் தட்டினால் எண் வரத்தான் செய்யும், அதை அறிக்கையில் எழுதிக்கொண்டு என்னிடம் வராதீர்கள்.